பித்தும் பைத்தியமும்: ஒருவேர்ச் சொற்கள் இரண்டின் பொருள் வேறுபாடும் திணை நிலையும் – கொங்கு நாட்டுச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் மனநிலைத் திரிபைக் குறிக்க வழங்கும் சொற்களுள் பித்து, பைத்தியம் ஆகிய இரண்டும் ஒருபொருட் சொற்களாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. அகராதிகள் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தருகின்றன. பத்தி இலக்கிய ஆய்வுகளிலும் பித்தன் என்னும் சொல்லுக்குப் பைத்தியக்காரன் என்று உரை கூறிச் செல்லும் போக்கு உண்டு. இவ்விரு சொற்களும் ஒரே வேரினின்று பிறந்தவையாயினும் தொடரமைப்பு, பேசுவோன் நிலை, திணை முடிபு ஆகிய மூன்றிலும் வேறுபடுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சுந்தரர், குலசேகராழ்வார் ஆகியோரின் சொல்லாட்சி, பித்துக்குளி முருகதாஸ் என்னும் பெயர் வழக்கு, திருமுருகன்பூண்டித் தல மரபு ஆகிய கொங்கு நாட்டோடு தொடர்புடைய சான்றுகள் இதற்குப் பயன்படுத்தப்பட்டுள்ளன. இவ்வேறுபாட்டை மறப்பதால் இலக்கிய வாசிப்பிலும் மனநலம் குறித்த பொதுப் பேச்சிலும் நேரும் பிழைகள் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பித்து, பைத்தியம், மையல், ஆகுபெயர், திணை, செறற்சொல், கொங்கு நாடு, மனநலம்.

முன்னுரை

ஒரு மொழியில் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் நெடுங்காலம் வழங்கி வருமாயின் அவற்றிடையே ஏதேனும் ஒரு பங்கீடு நிகழ்ந்திருக்கும் என்பது சொற்பொருளியலின் பொதுவான எதிர்பார்ப்பு. பித்து, பைத்தியம் ஆகியவற்றைப் பொறுத்தவரை இப்பங்கீடு பேச்சு வழக்கில் தெளிவாகவே உள்ளது. ‘பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ என்னும் பழமொழியில் பித்து இருக்குமிடத்தில் பைத்தியத்தை வைத்துப் பார்த்தால் பழமொழி சிதைகிறது. தாயின் அன்பைச் சொல்ல வந்த தொடர் தாயை இழித்துரைக்கும் தொடராகிவிடுகிறது. பொருள் ஒன்றாயின் இச்சிதைவு நேர்ந்திருக்காது. பேசுவோர் ஒவ்வொருவரும் உணர்ந்து கையாளும் இவ்வேறுபாடு ஆய்வெழுத்தில் போதிய அளவு விளக்கம் பெறவில்லை என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

இருவேறு விளைவுகள் இதனால் உண்டாகின்றன. ஒன்று, பத்திப் பாடல்களில் வரும் பித்தினை நோய்க்குறியாகப் படிக்கும் வாசிப்பு. மற்றொன்று, உண்மையான மனநோயால் துன்புறும் ஒருவரைப் பித்தர், ஞானி என உயர்த்திப் பேசி அவருடைய துன்பத்தை மறைக்கும் வாசிப்பு. முதலாவது இலக்கியத்திற்குச் செய்யும் தீங்கு; இரண்டாவது மனிதருக்குச் செய்யும் தீங்கு.

சொற்பிறப்பும் பொருட்பங்கீடும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) பித்து, பித்தம், பைத்தியம் ஆகிய மூன்றையும் உடற்கூறுகள் மூன்றனுள் ஒன்றைக் குறிக்கும் வடசொல்லோடு தொடர்புபடுத்துகிறது. பித்து என்பதனைப் பிதற்றுதலோடு இணைத்துத் தமிழ்வேர் காட்டும் வாதமும் உண்டு. எவ்வாறாயினும் இன்றைய வழக்கில் இம்மூன்றும் ஒரு குடும்பத்துச் சொற்களாகவே நிற்கின்றன. இங்கு எடுத்துக்கொண்ட வாதம் வேர்ச்சொல் முடிபைச் சார்ந்ததன்று. வேர் ஒன்றாயினும் வழக்கு பிரிந்தது எவ்வாறு என்பதே கேள்வி.

வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் மிகினும் குறையினும் நோய் செய்யும் என்பது தமிழ் மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கை. திருக்குறளின் மருந்து அதிகாரம் இக்கொள்கையைக் கொண்டே தொடங்குகிறது. பித்தம் தலைக்கேறுவதால் அறிவு திரிகிறது என்னும் மருத்துவ விளக்கத்திலிருந்தே மனநிலையைக் குறிக்கும் பொருள் கிளைத்தது. பைத்தியம் என்னும் சொல்லும் தொடக்கத்தில் பித்த மிகுதியால் வரும் நோயையே குறித்தது. மருத்துவ நூல் வழக்கில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது.

இன்றைய பொதுவழக்கில் மூன்று சொற்களும் மூன்று களங்களைப் பகிர்ந்துகொண்டுள்ளன. பித்தம் உடலோடு நின்றுவிட்டது. பித்த வாந்தி, பித்த வெடிப்பு என்பனவற்றில் மனநிலை பற்றிய குறிப்பே இல்லை. பித்து உள்ளத்தின் பற்றுக்கு உரியதாயிற்று. பைத்தியம் அறிவின் சிதைவுக்கும், அச்சிதைவுற்றவராகக் கருதப்படுபவரின் சமூக நிலைக்கும் உரியதாயிற்று. சித்த மருத்துவம் மனநோய்களை வகைப்படுத்தும்போது கிறுக்கு, கிரிகை என்னும் சொற்களைக் கலைச்சொற்களாகக் கொண்டமையும் நோக்கத்தக்கது. அகத்தியர் பெயரால் வழங்கும் ‘மானிடக் கிறுக்கு நூல்’ தன் பெயரிலேயே இதனைக் காட்டுகிறது. பைத்தியம் என்பது எந்த மருத்துவ மரபிலும் இன்று நோய்ப்பெயராக இல்லை. மனச்சிதைவு, இருமுனை மனநோய், மனச்சோர்வு, முதுமை மறதி, வலிப்பைத் தொடர்ந்த மயக்கம் என ஒன்றற்கொன்று தொடர்பற்ற பல நிலைகளை அச்சொல் வேறுபாடின்றி விழுங்கிவிடுகிறது.

முன்னை வழக்கு: மையலும் மயக்கமும்

பித்து வழக்குப் பெறுவதற்கு முன்பும் தமிழில் இக்கருத்துக்குச் சொற்கள் இருந்தன. களவொழுக்கத்தின் படிநிலைகளைத் தொல்காப்பியம் அடுக்கும்போது மயக்கமும் சாக்காடும் இறுதியில் அடுத்தடுத்து நிற்கின்றன. காதல் வேட்கை முற்றிய நிலையில் அறிவு கலங்குதல் அங்கு ஒரு படிநிலை. அதற்குரியவரின் மாண்பு குறைவதில்லை. திருக்குறள் பேதைமை அதிகாரத்தில் பேதையின் கையில் பொருள் சேர்வதற்கு, மையல் கொண்ட ஒருவன் கள்ளும் உண்டு களிப்பதை உவமையாகக் காட்டுகிறது. மையலும் பேதைமையும் அங்கு வேறுவேறாக வைக்கப்பட்டுள்ளன; ஒன்று மற்றொன்றுக்கு உவமை ஆகலாமே தவிர ஒன்றே மற்றொன்றாவதில்லை.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இவ்வகையில் சிறப்பாகக் கருதத்தக்கது. புகார் நகரத் தெருவில் எருக்கும் அலரியும் சூடிக் கந்தல் உடுத்துத் திரியும் ஒருவனை அக்காதை விரிவாகச் சித்திரிக்கிறது. அவன் அழுகிறான், விழுகிறான், அரற்றுகிறான். மக்கள் கூடி நின்று பார்க்கின்றனர். மனநிலை திரிந்தவர் ஊராருக்கு வேடிக்கைப் பொருளாவதை இத்துணைக் கூர்மையாகக் காட்டும் பகுதி பழந்தமிழில் அரிது. ஆயினும் சாத்தனார் அவனைக் குறிக்கும்போது மையல் என்னும் சொல்லோடு மகன் என்னும் உயர்திணைப் பெயரைச் சேர்த்தே குறிக்கிறார். மையல் அவனுக்கு உற்றது, அவன் மையலாகிவிடவில்லை. இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளில் இன்றியமையாததாகும்.

பித்தன்: வசையும் வாழ்த்தும்

பித்தன் என்னும் சொல்லின் பொருள் வரலாற்றில் சுந்தரர் வரலாறு ஒரு திருப்பம். பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் கூறும் நிகழ்வு யாவரும் அறிந்தது. திருமணப் பந்தலில் முதிய அந்தணர் ஒருவர் வந்து, நம்பி ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் எங்கும் இல்லாத வழக்காதலின் வந்தவரை நம்பி பித்தர் என்கிறார். இங்கு அச்சொல் முழு வசை. எதிராளியின் வழக்கைச் செவிமடுக்கவும் தகாததென்று தள்ளுவதற்கு ஆளும் சொல். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஓலை மெய்யென முடிவாகிறது. பித்தர் எனத் தள்ளப்பட்டவர் வழக்கில் வெல்கிறார். அதன்பின் அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுமாறு இறைவன் பணிக்கிறார். வசைச் சொல் ஒரே கதைக்குள் தேவாரப் பதிகமொன்றின் முதல் விளியாகிறது.

இம்மாற்றத்திற்குப் பின் பித்தன் என்பது சைவ மரபில் இறைவனின் திருப்பெயர்களுள் ஒன்றாயிற்று. நினைக்கத்தக்கது ஒன்றுண்டு: இறைவனைப் பித்தன் என்பதற்கு அடியார்கள் கூறும் காரணங்கள் யாவும் அளவு கடந்த ஈகை, தகுதி நோக்கா அருள், சுடுகாட்டில் ஆடல் என உலக வழக்கை மீறிய செயல்களே. அறிவின்மை அவற்றுள் ஒன்றாக இல்லை.

கொங்கு நாட்டோடு சுந்தரருக்குள்ள தொடர்பு இவ்விடத்தில் கருதற்குரியது. திருப்புக்கொளியூர் அவிநாசி, திருமுருகன்பூண்டி ஆகிய கொங்குத் தலங்கள் அவர் பாடல் பெற்றவை. தில்லைப் பதிகத்தில் காஞ்சியாற்றங்கரைப் பேரூரையும் அவர் நினைவுகூர்கிறார். சேரமான் பெருமாளைக் காணச் செல்லும் வழியும் மீளும் வழியும் இந்நாடே. அவிநாசியில் முதலை உண்ட பாலனை மீட்கக் கேட்பதும், பூண்டியில் வேடர் பொருளைப் பறித்தபோது அவ்விறைவனையே இடித்துரைப்பதும் வன்றொண்டர் என்னும் பெயருக்கு ஏற்ற உரிமைச் செயல்கள். பித்தன் என்று அழைக்கும் உரிமையும் இவ்வகைத் தோழமையைச் சேர்ந்தது.

வைணவ மரபில் இதற்கு இணையாக நிற்பது குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழி. அதன் மூன்றாம் திருமொழி முழுவதும், உலகியலை மெய்யென நம்புவோரோடு கூடேன் என்னும் உறுதியைக் கூறுகிறது. உலகோர் கண்ணுக்குத் தாமும் தம் கண்ணுக்கு உலகோரும் நிலைதிரிந்தவராகத் தோன்றும் இருதலை நோக்கு அங்கு அமைந்துள்ளது. அதன் முடிவுப் பாட்டில் ஆழ்வார் தம்மைப் பெரும் பித்தர் என்றும் கொங்கர் கோன் என்றும் ஒருசேரக் குறித்துக்கொள்கிறார். கொங்கர்க்குத் தலைவன் என்னும் அரசியல் பெருமிதமும் பித்தன் என்னும் தன்னுரையும் ஒரே பாட்டில் ஒன்றையொன்று குறைக்காமல் அருகருகே நிற்கின்றன. பித்து, அரசப் பெயரோடு சேர்த்துச் சூடத்தக்க ஒரு பட்டமாக இங்கு ஆகியிருக்கிறது.

தொடரமைப்பு காட்டும் வேறுபாடுகள்

இலக்கியச் சான்றுகளை விடுத்து இன்றைய வழக்கை நோக்கினாலும் பிரிவு துலங்குகிறது.

முதலாவது, பற்றுப்பொருள். ‘அவனுக்குப் பைத்தியம்’ என்பது நிறைவுற்ற தொடர். ‘அவனுக்குப் பித்து’ என்பது நிறைவுறாது. எதன்மீது என்னும் வினா எழுகிறது. ‘அவனுக்கு இசையில் பித்து’ என்னும்போதே தொடர் முற்றுகிறது. ஆகவே பித்து ஒன்றை நோக்கியது. பைத்தியம் நோக்கு வேண்டாதது. சினிமாப் பைத்தியம், கிரிக்கெட் பைத்தியம் என்பனவற்றில் பைத்தியமும் பற்றுப்பொருள் பெறுகிறதே என்னும் தடை எழலாம். அங்கும் வேறுபாடு உண்டு. சினிமாப் பித்து என்பது பற்றினை மட்டும் குறிக்கும். சினிமாப் பைத்தியம் என்பது பற்றினையும் குறிக்கும், அப்பற்றுடைய ஆளையும் குறிக்கும். 1975இல் வெளிவந்த ‘சினிமாப் பைத்தியம்’ என்னும் திரைப்படத்தின் பெயர் அதன் நாயகியையே சுட்டுவதாகக் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, பேசுவோன் நிலை. பித்தன் என்பதைத் தன்மையில் ஒருவர் தம்மீது ஏற்றிக்கூற இயலும்; குலசேகரர் அவ்வாறே செய்தார். பைத்தியம் தன்மையில் வரும்போது இரண்டு கட்டுப்பாடுகள் தோன்றுகின்றன. ‘எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது’ என எதிர்கால அச்சமாக வரும். ‘நான் ஒரு பைத்தியம், அவனை நம்பினேன்’ எனக் கடந்தகால ஏமாற்றத்தை நொந்துகொள்வதாக வரும். நிகழ்காலத்தில், மெய்யாக, பெருமையோடு எவரும் அதனைத் தம்மீது ஏற்றிக்கொள்வதில்லை. பித்தன் தானே சூடிக்கொள்ளும் பெயர். பைத்தியம் பிறர் இடும் பெயர்.

மூன்றாவது, உயர்வொருமை. பித்தர் என்னும் வடிவம் ஒருவரையே மதித்துக் குறிக்க வல்லது. பைத்தியக்காரர்கள் என்பது பன்மையாக வழங்குமே அன்றி, பைத்தியக்காரர் என ஒருவரை மதித்துக் கூறும் வழக்கு இயல்பாக இல்லை. கடைக்காரர், வண்டிக்காரர், தோட்டக்காரர் என்று கொங்குப் பேச்சில் மதிப்போடு வழங்கும் அதே விகுதி இங்கு மதிப்பைத் தாங்க மறுக்கிறது. ‘ங்க’ சேர்த்துப் பேசுவதைப் பண்பாட்டு அடையாளமாகக் கொண்ட வட்டாரத்திலும், ‘பைத்தியமாட்டப் பேசாத’ என்னும் தொடர் பெரும்பாலும் ஒருமை ஏவலாகவே வருகிறது.

திணை: பெயர் ஆளை விழுங்குதல்

மேற்கண்ட வேறுபாடுகளுக்கெல்லாம் அடிப்படையானது திணை முடிபு. ‘பித்தன் நிற்கிறான்’ என்போம். ‘அவன் ஒரு பித்து’ என்பது பொதுவழக்கில் இல்லை. ஆனால் ‘அவன் ஒரு பைத்தியம்’ என்பது இயல்பான தொடர். அதனினும் மேலாக, ‘தெருமுனையில் ஒரு பைத்தியம் நிற்கிறது’ என அஃறிணை வினைகொண்டு முடிப்பதும் நாள்தோறும் கேட்கும் வழக்கு. நோயின் பெயர் நோயுற்றவருக்கு ஆகிவந்து, அவரைத் தன் திணைக்கே இழுத்துக்கொள்கிறது.

இதனைத் தொல்காப்பியம் முன்னரே இலக்கணமாக்கி வைத்துள்ளது. கிளவியாக்கத்தில் குடிமை, ஆண்மை எனத் தொடங்கிப் பதினெட்டு வகைச் சொற்களைத் தொகுக்கும் நூற்பா, அவை உயர்திணைப் பொருள மாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் என்கிறது. அப்பட்டியலில் உறுப்பின் கிளவி, காதல், செறற்சொல் என்பன இடம்பெற்றுள்ளன. குருடு, முடம் என உறுப்புக் குறையால் ஆளையே சுட்டுவன உறுப்பின் கிளவி. சினத்தால் இழித்துக் கூறுவன செறற்சொல். அன்பு மிகுதியால் கூறுவன காதல். ‘அன்ன பிறவும்’ என நூற்பா பட்டியலைத் திறந்தே வைத்திருப்பதால் பைத்தியம் இதனுள் எளிதில் அடங்குகிறது.

பைத்தியத்தின் இருவேறு பயன்களையும் இந்நூற்பா ஒருங்கே விளக்குவது வியப்புக்குரியது. தாய் தன் மகளை நோக்கி ‘போடி பைத்தியம்’ என்று கன்னம் தட்டும்போது அது காதல். ஊரார் கந்தல் உடுத்தவரைப் பார்த்து ‘பைத்தியம் வருது’ என்று ஒதுங்கும்போது அது உறுப்பின் கிளவியும் செறற்சொல்லும் கலந்தது. வடிவம் ஒன்று, முடிபு ஒன்று. பேசுவோன் உள்ளக்குறிப்பே வேறுபடுத்துகிறது. இவ்வகைச் சொற்களைக் குறிப்பால் உணரப்படும் கிளவி என்று நூற்பா கூறுவதன் நுட்பம் இதுவே.

இவ்விலக்கணத்தை மற்றொரு வழக்கோடு ஒப்பிட வேண்டும். ‘அவருக்குப் பைத்தியம் பிடித்தது’ என்னும் தொடரில் பைத்தியம் எழுவாய்; அவர் அதனால் பற்றப்பட்டவர். சளி பிடித்தது, பேய் பிடித்தது, சனி பிடித்தது என்பனவும் இவ்வமைப்பின. பிடித்தது விடும் என்னும் குறிப்பு இவ்வமைப்பிலேயே உண்டு. நோயும் ஆளும் இருவேறாக நிற்கின்றனர். ஆகுபெயராக ‘அவர் பைத்தியம்’ என்னும்போது இவ்விடைவெளி மறைகிறது; விட்டு நீங்குவதற்கு வேறாக ஒன்றும் எஞ்சுவதில்லை. சாத்தனார் மையலையும் மகனையும் இருவேறு சொற்களாக நிறுத்தியதன் பெறுமதி இங்குப் புலனாகிறது.

பித்துக்குளி: ஒரு கோவைச் சான்று

பித்துக்கொள்ளி என்பதன் மரூஉவாகக் கருதப்படும் பித்துக்குளி, பொதுவழக்கில் ஏளனச் சொல். அதனையே தம் பெயரின் முன்னொட்டாகக் கொண்டு தமிழகமெங்கும் அறியப்பட்டவர் கோவையில் 1920இல் பிறந்த முருக பத்திப் பாடகர் பித்துக்குளி முருகதாஸ். அவருடைய இயற்பெயர் பாலசுப்பிரமணியன். சிறுவயதில் பிரம்மானந்தப் பரதேசியார் என்னும் துறவியோடு நேர்ந்த நிகழ்வொன்றினால் இப்பெயர் அமைந்ததாக அவர் வரலாற்றில் கூறப்படுகிறது. 2015இல் மறையும் வரை அப்பெயராலேயே மேடைகளில் அறிவிக்கப்பட்டார்.

சுந்தரர் கதையில் ஒரு வசை விளியானதைப் போன்றே இங்கும் ஓர் ஏளனச் சொல் பட்டமாயிற்று. ஏளனத்தில் பித்துக்குளி பைத்தியத்துக்குக் குறைந்ததன்று. ஆயினும் பைத்தியம் என்னும் சொல்லை ஒரு பத்திப் பாடகர் பெயர்முன் சூடுவதைத் தமிழ்ச் செவி ஏற்றிருக்குமா என்பது ஐயம். பித்து என்னும் பகுதிக்குப் பின்னே ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகாலப் பாடல் மரபு நிற்கிறது. ஏளன விகுதி சேர்ந்த பின்னும் அம்மரபு அதனைக் காக்கிறது. பைத்தியத்துக்கு அத்தகைய காப்பு இல்லை.

நிறுவனமும் சட்டமும்

பைத்தியத்தின் பின்னே நிற்பவை வேறு வகை நிறுவனங்கள். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இயங்கிவரும் மனநல மருத்துவமனை, மக்கள் வாயில் நெடுங்காலம் ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்றே வழங்கியது. ஓர் ஊரின் பெயரே வசையாகி, ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்னும் தொடர் கோவை வரை பொருள் விளங்க வழங்குகிறது. காலனியாட்சியின் 1912ஆம் ஆண்டுச் சட்டம் 1987இல் புதிய மனநலச் சட்டத்தால் நீக்கப்பட்டபோது ஆங்கிலச் சட்டமொழியிலிருந்த இழிசொல்லும் நீங்கியது. தமிழ்ப் பேச்சுமொழியில் அந்நீக்கம் நிகழவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். தீயிலிருந்து ஓட இயலாதபடி மனிதரைக் கட்டிவைப்பது, அவர் திணை மாறிவிட்டார் என்னும் எண்ணம் முன்பே வேரூன்றிய இடத்தில்தான் எளிதாகிறது. சொல் மட்டுமே சங்கிலியைப் பூட்டியது என்று கூறுவது மிகை. வறுமையும் மருத்துவ வசதிக் குறைவும் குடும்பங்களின் கையறுநிலையும் காரணங்கள். ஆனால் சொல் அச்சங்கிலியைப் பார்ப்பவர் கண்ணுக்கு இயல்பானதாக ஆக்கியது என்பதை மறுப்பது கடினம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரை எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சொற்பொருள் நோக்கில் அதன் மூன்றாம் பிரிவின் ஒரு விதி தனிக்கவனத்துக்குரியது. ஒருவருக்கு மனநோய் உண்டு என்று கண்டறிவதாலேயே அவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று பொருளாகாது. உரிய நீதிமன்றம் அவ்வாறு அறிவித்தாலன்றி அம்முடிவுக்கு வரலாகாது என்கிறது அவ்விதி. நோயுற்றிருத்தல் வேறு, முடிவெடுக்கும் தகுதியை இழத்தல் வேறு. பைத்தியம் என்னும் ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்குகிறது. அச்சொல்லால் சுட்டப்பட்டவரின் நிலவுரிமை, வாக்குரிமை, சாட்சியம் ஆகிய அனைத்தும் நீதிமன்றம் செல்லாமலேயே ஊர்ப் பேச்சில் ஐயத்துக்குள்ளாகின்றன. ‘பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்’ என்னும் பழமொழி விளங்காச் சிக்கல் எதற்கும் உவமையாக இன்று வழங்கினாலும், திருமணத்தை மருந்தாகக் கருதிய ஒரு சமூக நம்பிக்கையின் சுவடு அதில் உண்டு. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் மனநிலையைத் திருமணத் தகுதியோடு இணைத்துப் பேசுவதையும், இப்பழமொழி வழங்கும் வீடுகளில் நோய் மறைக்கப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் வாழ்வு எங்குச் சிக்குகிறது என்பது விளங்கும்.

திருமுருகன்பூண்டி: இடைப்பட்ட ஒரு மொழி

திருப்பூர் மாவட்டத்துத் திருமுருகன்பூண்டிக் கோயில், மனநோய் தீரும் என்னும் நம்பிக்கையோடு நோயுற்றோரை உறவினர் அழைத்துவந்து தங்கித் தீர்த்தமாட வைக்கும் தலமாகக் கொங்கு நாட்டில் அறியப்படுவது. சுந்தரரின் பூண்டிப் பதிகம் வேடர் வழிப்பறியையே பேசுகிறது. மனநோய் தீர்தலைப் பற்றிய குறிப்பு அதில் இல்லை. நம்பிக்கை தல மரபைச் சேர்ந்தது. சூரனை அழித்ததால் தொடர்ந்த பிரமகத்தி முருகனை விட்டு இங்கு நீங்கியது என்பது தலவரலாறு.

இக்கதையின் அமைப்பு, முன்பு கூறிய ‘பிடித்தல்’ தொடரின் அமைப்பே. பற்றியது வெளியிலிருந்து வந்தது. வாயிலுக்கு வெளியே நின்றுவிடும். பற்றப்பட்டவரோ முருகன். நோயுற்ற ஒருவர் இத்தலத்தில் நிற்கும்போது அவருக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுபவர் தெருவில் ஏளனம் செய்யப்படும் ஒருவர் அல்லர். வேண்டுதலுக்கு வந்த அடியார் என்னும் உயர்திணைப் பெயர் அவருக்குக் கிடைக்கிறது. மருத்துவ நோக்கில் இதன் பயனும் எல்லையும் தனியே ஆராயத்தக்கவை. மனச்சிதைவு போன்ற நோய்களில் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் கேடு விளைக்கும் என்பதில் ஐயமில்லை. தீர்த்தமும் மருந்தும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதும் இல்லை. இங்குக் கருதுவது அத்தலம் வழங்கும் மொழியையே. நோயை நோய் என ஏற்றுக்கொண்டு, ஆளை ஆளாகவே நிறுத்தும் ஒரு மொழி அங்கு வழக்கில் உள்ளது.

இதனைப் பித்து என்று உயர்த்திப் பேசும் மொழியிலிருந்தும் பிரித்தறிய வேண்டும். தல மரபு நோயுற்றவரை ஞானி என்று கூறுவதில்லை. அவர் நலம் பெற வேண்டும் என்றே வேண்டுகிறது. மனநோயைப் பித்தின் ஒளியால் அழகுபடுத்தும் இன்றைய எழுத்துகள் சிலவற்றில் இவ்வெளிய உண்மை விடுபடுகிறது. பித்துக்கு ஒரு பற்றுப்பொருள் உண்டு. பித்தர் அதனை விரும்பி ஏற்றவர். அதனின்று தெளிய அவர் வேண்டுவதில்லை. மனநோயுற்றவர் பெரும்பாலும் தெளிய விரும்புபவர். உறக்கமின்றி, காதில் கேட்கும் குரல்களால் அலைப்புண்டு துன்புறும் ஒருவரைப் பித்தர் என்று புகழ்வது அவர் கேட்காத பெருமையை அளித்து, கேட்கும் உதவியை மறுப்பதாகும்.

முடிவுரை

பித்து, பைத்தியம் ஆகியன ஒருவேர்ச் சொற்களாயினும் ஒருபொருட் சொற்கள் அல்ல. பித்து பற்றுப்பொருளை நாடும்; தன்மையில் ஏற்றுரைக்கப்படும்; உயர்வொருமை பெறும்; ஆளைக் குறிக்கப் பித்தன், பித்தர் என உயர்திணை விகுதியை வேண்டும். பைத்தியம் பற்றுப்பொருள் இன்றியும் நிற்கும், பிறரால் இடப்படும், உயர்வொருமையை ஏற்காது, ஆகுபெயராகி ஆளை அஃறிணை முடிபுக்கு உட்படுத்தும். தொல்காப்பியக் கிளவியாக்க நூற்பா இறுதிக் கூறுக்கு இலக்கண விளக்கம் தருகிறது.

இம்முடிபுகளிலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. பத்தி இலக்கிய உரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் பித்தன் என்பதற்குப் பைத்தியக்காரன் என்னும் உரை தவிர்க்கப்பட வேண்டும். பித்தன் என்பதையே நிறுத்தி, பற்றுப்பொருளைச் சுட்டி விளக்குவதே பொருந்தும். பாடநூல், நாளிதழ், மருத்துவமனை அறிவிப்பு ஆகியவற்றில் நோயுற்றவரைக் குறிக்க நோய்ப்பெயரையும் ஆட்பெயரையும் தனித்தனியே நிறுத்தும் தொடர்களே ஆளப்பட வேண்டும். ‘மனச்சிதைவு நோய் உடையவர்’ என்னும் நீண்ட தொடர், சாத்தனார் கையாண்ட அமைப்பின் இன்றைய வடிவமே. மனநோயைப் பித்து என்னும் சொல்லால் மூடுவதும் கைவிடப்பட வேண்டும்.

வட்டார வழக்குகளில் கோட்டி, கிறுக்கு, பிராந்து முதலிய பிற சொற்களும் இவ்வாறே திணை நோக்கில் ஆராயப்படுமாயின், மனநிலை திரிந்தவருக்குத் தமிழ்ச் சமூகம் அளித்த இடத்தின் வரைபடம் ஒன்று கிடைக்கும். கோட்டி என்னும் நெல்லைச் சொல்லும் பைத்தியத்தைப் போலவே ஆளுக்கு ஆகிவருவது, அவ்வாய்வு கொங்கு எல்லையோடு நிற்காது என்பதைக் காட்டுகிறது.